சொன்னால் நிற்கும் பஸ்

பஸ்ஸின் முன்படியில் ஒரு காலை வைத்துவிட்டு, மற்றக் காலை நிலத்திலிருந்து எடுக்காமல் நின்ற சின்னம்மாவை இப்போதும் அப்படியே காண்கிறேன். வலக்கை கதவோரக் கம்பியை இறுகப் பிடித்திருந்தது. இடக்கையில் ஒரு துணிப்பை. பயணத்துக்கென்று வாங்கிய புதுச் செருப்பு, மடிப்புக் கலையாத பச்சைச் சேலை. விடியும் நேரம். எங்கள் மாதர் சங்கக் கட்டடத்தின் முன்னால் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே பெண்கள் எல்லோரும் ஏறி இடம்பிடித்திருந்தார்கள். இடியப்பப் பெட்டிகளும் தண்ணீர்ப் போத்தல்களும் மேல் தட்டுகளில் அடுக்கப்பட்டுவிட்டன. சாமி படத்துக்கு முன்னால் சாரதி ஊதுபத்தி கொளுத்தியாயிற்று. சின்னம்மா ஏறினால் பஸ் புறப்படும். அவர் ஏறவில்லை. ஒருவரும் "கெதியா ஏறுங்கோ" என்று சொல்லவும் இல்லை. அந்தக் கால் ஏன் படியிலேயே நின்றுவிட்டது என்று பஸ்ஸுக்குள் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

எங்களுடையது கிளிநொச்சிக்குக் கிழக்கே, இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வாய்க்கால்வழியாக வந்து பாயும் ஒரு குடியேற்றத் திட்டம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டி வயலாக்கிய குடும்பங்கள் எங்களவை. சின்னம்மா என் அம்மாவின் தங்கை. ஒரு துண்டு வயலும் நாலைந்து மாடுகளும் அவருக்குச் சொத்து. கடைசிச் சண்டையில் ஊரோடு சேர்ந்து கிழக்கே ஓடியபோது சித்தப்பாவை இழந்தார். மகளை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு கடற்கரைப் பக்கமிருந்து வெளியே வந்தார். வெளியே வந்தவர்களையெல்லாம் ஆமிக்காரர் பஸ்களில் ஏற்றினார்கள். எங்கே கொண்டுபோகிறார்கள் என்று யாருக்கும் சொல்லப்படவில்லை. சன்னல்கள் அடைத்த பஸ்ஸுக்குள் ஆட்களுக்கு மேல் ஆட்களாக நின்றார்கள். வழியில் மகள் தண்ணீர் கேட்டு அழுதிருக்கிறாள். சின்னம்மா பஸ்ஸை ஒருதரம் நிறுத்தும்படி கெஞ்சியிருக்கிறார். அவர் பேசிய மொழி முன்னால் இருந்தவர்களுக்கு விளங்கவில்லை. பஸ் நிற்கவில்லை. முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்கு நினைவு தப்பியிருந்தது. பிழைத்தாள். ஆனால் அதன் பிறகு சின்னம்மா கூட்டமாக ஏறும் எந்தப் பஸ்ஸிலும் ஏறியதில்லை. மீளக் குடியேறிய பின் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் சைக்கிளில்தான் போய்வந்தார். கிளிநொச்சிக்கு அப்பால் ஒரு உலகம் இருப்பதை மகளின் புத்தகங்களிலிருந்து மட்டுமே தெரிந்துவைத்திருந்தார்.

அந்த மகள், என் தங்கச்சி, படித்தாள். மலைநாட்டில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்க அவளுக்கு இடம் கிடைத்தபோது அவளைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்தவள் நான். சின்னம்மா படலையடியில் நின்று கையசைத்தார், அவ்வளவுதான். நாலு வருடமும் தங்கச்சிதான் விடுமுறைக்கு வந்துபோனாள். தாய் போய்ப் பார்த்ததில்லை. பட்டமளிப்பு விழாவுக்கு நாள் குறித்தபோது அவள் தொலைபேசியில் தாயிடம், "அம்மா, தூரம். நீங்கள் கஷ்டப்பட்டு வராதேங்கோ. நான் அங்கி போட்டுப் படமெடுத்துக்கொண்டு வாறன்" என்று சொன்னாள். சின்னம்மா "ஓம் பிள்ளை" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். பிறகு மாட்டுக்குத் தவிடு கரைக்கப் போய்விட்டார். அன்று வாளிக்குள் கையை விட்டபடி வெகுநேரம் எழும்பாமல் குந்தியிருந்ததைப் பார்த்தேன்.

நான் அப்போது ஊர் முன்பள்ளியில் ஆசிரியை, மாதர் சங்கத்தில் செயலாளர். சங்கம் அந்த வருடம் ஒரு சுற்றுலா போவதென்று முடிவெடுத்திருந்தது. கதிர்காமமா நுவரெலியாவா என்று கூட்டத்துக்குக் கூட்டம் இழுபட்டுக்கொண்டிருந்த விஷயம் அது. பட்டமளிப்பு நாள் தெரிந்ததும் நான் தலைவியிடம் போனேன். ஓய்வுபெற்ற ரீச்சர் அவர், சுருக்கமாகப் பேசுகிறவர். நான் சொல்லிமுடிக்க முன்னரே, "அப்ப மலைநாடுதான். அந்தத் திகதிக்கே வைப்பம்" என்றார். மறுநாள் சின்னம்மாவின் வீட்டுக்கு இருவரும் போனோம். சின்னம்மா கதிரை எடுத்துப் போட்டார், தேத்தண்ணி தந்தார், ஆனால் தலையாட்டவில்லை. மாட்டை யார் பார்ப்பது என்று கேட்டார். சுற்றுலாவுக்கு வராதவர்கள், போகிறவர்களின் மாடுகளைக் கறந்து பாலைச் சேகரிப்பு நிலையத்தில் கொடுப்பதென்று ஏற்கெனவே பேசியாயிற்று என்று தலைவி சொன்னார். பயணத்தில் தலை சுற்றும் என்றார் சின்னம்மா. பஸ்ஸில் பாதிப்பேருக்குச் சுற்றும், தேசிக்காய் ஒரு பை நிறையக் கொண்டுபோகிறோம் என்றார் தலைவி. பாஷை தெரியாது என்றார். அதற்குத் தலைவி கொஞ்சம் பொறுத்துப் பதில் சொன்னார்.

"உன்னை ஆர் தனியப் போகச் சொன்னது? தனியப் போனால் நீ அங்க தொலைஞ்சுபோவாய். எங்களோட வந்தால் தொலையிறதெண்டாலும் எல்லாரும் ஒண்டாத்தான் தொலைவம்."

சின்னம்மா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைத்தான் சம்மதமென்று எடுத்துக்கொண்டு நாங்கள் பெயரைச் சேர்த்தோம்.

குழுவாகச் சுற்றுலா போவதைக் கேலியாகப் பேசுகிறவர்களை நிறையச் சந்தித்திருக்கிறேன். ஒரு இடத்தில் ஆற அமர நிற்க முடியாது, ஒருவர் தேநீர் என்பார், ஒருவர் மலசலகூடம் என்பார், புறப்படும் நேரத்தில் ஒருவரின் செருப்பைக் காணாது, எல்லோருக்கும் பிடித்த பாட்டு என்று ஒன்று கிடையாது என்பார்கள். எல்லாம் உண்மை. அந்த மூன்று நாளில் இவற்றில் ஒன்றும் தவறாமல் எங்களுக்கும் நடந்தது. ஆனால் தனியாகப் போக முடிந்தவர்கள்தான் அப்படிப் பேசலாம். ஒரு மொழி போதாதவர்கள், வழி தெரியாதவர்கள், வாசலைத் தாண்டினாலே நெஞ்சு படபடக்கிறவர்கள் உலகத்தைப் பார்ப்பதற்குக் கூட்டத்தை விட்டால் வேறு வழியில்லை. கூட்டத்தின் கால்களால்தான் அவர்கள் நடக்க முடியும். அதைப் புத்தகத்தில் படித்து நான் அறியவில்லை. அந்தக் காலையில் பஸ் படியடியில் நின்று அறிந்தேன்.

படியில் நின்ற சின்னம்மாவிடம் முதலில் வந்தவர் தலைவியல்ல, நானுமல்ல. பின் ஆசனத்தில் இருந்த ஒரு பெண் எழுந்து நடுவழியால் முன்னுக்கு வந்தார். வாய்க்காலுக்கு அக்கரையில் இருந்தவர் என்பதால் அக்கரையக்கா என்றுதான் நாங்கள் அவரைச் சொல்வோம். தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். சிறுபிள்ளையாக இருக்கும்போது அங்கே நடந்த கலவரத்துக்குப் பயந்து அவருடைய குடும்பம் வன்னிக்கு வந்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குடிசை போட்டது. எங்கள் வயல்களில் நாற்று நட்டதும் களை பிடுங்கியதும் அவர்கள்தான். நாங்கள் அவர்களின் வீடுகளுக்குப் போவதில்லை. அவர்கள் எங்கள் வீடுகளுக்கு வந்தால் முற்றத்தோடு நிற்பார்கள். அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கும் குவளை குசினிக்கு வெளியே தனியாகக் கவிழ்த்திருக்கும். சங்கம் தொடங்கிய பிறகுதான் ஒரே பாயில் இருந்தோம். அதுவும் கூட்டம் நடக்கும் நேரத்துக்கு மட்டும்.

அக்கரையக்கா படிக்கு மேலே நின்றபடி குனிந்து சொன்னார். "அம்மா, சன்னல் பக்கம் ஒங்களுக்குத்தான் எடம் வச்சிருக்கேன். சன்னல் நல்லாத் தொறக்குது, நான் தொறந்து பாத்துட்டேன். எங்க நிப்பாட்டணும்னாலும் சொல்லுங்க, நிப்பாட்டுவாங்க. இது நம்ம புடிச்ச பஸ்ஸு."

சின்னம்மா அவரை விட்டுவிட்டுச் சாரதியைப் பார்த்தார். வவுனியாவைச் சேர்ந்த இளந்தாரி, எங்கள் ஊருக்குப் புதியவன்.

"தம்பி, நான் நிப்பாட்டு எண்டு சொன்னால் நிப்பாட்டுவியோ?"

"ஓம் அம்மா. எங்கயெண்டாலும் சொல்லுங்கோ."

"எங்கயெண்டாலுமோ?"

"றோட்டு நடுவில எண்டாலும் நிப்பாட்டுவன்."

மற்றக் கால் எழுந்தது. சின்னம்மா ஏறி, யாருடைய முகத்தையும் பார்க்காமல் நடந்து, அக்கரையக்கா காட்டிய சன்னலோரத்தில் போய் அமர்ந்தார். துணிப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

கிளிநொச்சி தாண்டி ஏ ஒன்பது வீதியில் பஸ் வேகமெடுத்ததும் பாட்டுத் தொடங்கியது. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் இறங்கித் தேங்காய் உடைத்தோம். மாங்குளம் வரும்போது கூச்சல் கூடிவிட்டது. புளியங்குளம் கழிந்த பிறகு அது தானாகவே குறைந்தது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பாடிக்கொண்டிருந்தவர்கள் வரியின் நடுவில் விட்டார்கள். ஓமந்தை வந்துகொண்டிருந்தது. முன்னொரு காலத்தில் சோதனைச்சாவடி இருந்த இடம். எங்களில் அநேகமானோர் அன்று வெவ்வேறு பஸ்களில் அந்த வழியால்தான் கொண்டுபோகப்பட்டோம். நானும் அப்படி ஒரு பஸ்ஸில் இருந்தேன். அதைப் பற்றி நாங்கள் ஊரில் அதிகம் கதைப்பதில்லை.

"தம்பி, நிப்பாட்டு" என்றது சின்னம்மாவின் குரல். உரத்த குரல் இல்லை. ஆனால் அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது. சாரதி கண்ணாடியில் பின்னால் ஒருதரம் பார்த்துவிட்டு உடனேயே ஓரம்கட்டினான். கதவு திறந்தது. சின்னம்மா தனியாக இறங்கினார். வீதியோரத்தில் ஒரு லொறி நின்றது. கொஞ்சம் தள்ளி ஒரு பெட்டிக்கடை. அதற்குப் பின்னால் வெறும் வெளி, வெயில், தூரத்தில் மாடுகள். அவர் எதையும் தேடுகிறவர்போல இல்லை. பஸ்ஸின் முன்பக்கமாக நடந்து, மறுபக்கம் போய், பின்னால் சுற்றி, திரும்பக் கதவடிக்கு வந்தார். சூடேறியிருந்த தகரத்தில் உள்ளங்கையை ஒருதரம் வைத்து எடுத்தார். நாங்கள் சன்னல்களால் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஒரு பெண் பிளாஸ்கைத் திறந்து மூடியில் தேத்தண்ணி வார்த்தாள். அது கைமாறிக் கைமாறிப் போனது. சிலர் சும்மா நின்றார்கள். ஒருத்தி அழுதாள் என்று நினைக்கிறேன், முகத்தை மறுபக்கம் திருப்பியிருந்ததால் நிச்சயமாகத் தெரியாது. தலைவி கைக்கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. எத்தனை நேரம் நின்றோமோ தெரியாது. கடைசியில் சின்னம்மாதான் முதலில் ஏறினார். படியில் ஏறும்போது சாரதியிடம் சொன்னார்.

"நிண்டது. சரி தம்பி, இனிப் போவம்."

வவுனியா வருமுன்னரே பாட்டு மறுபடி தொடங்கிவிட்டது.

மதவாச்சி கடந்து, தம்புள்ளைப் பக்கம் ஒரு குளக்கட்டில் இருந்து கட்டுச்சோறு சாப்பிட்டோம். இருபது வீட்டுச் சமையல் ஒரு பாயில் விரிந்தது. வளைந்து ஏறும் வீதி தொடங்கியதும் சின்னம்மாவுக்குத் தலை சுற்றியது. அக்கரையக்கா பையைப் பிடித்தார், நெற்றியைத் தாங்கினார், தேசிக்காயைக் கீறி மூக்கில் வைத்தார். வாந்தி ஓய்ந்ததும் தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினார். நீட்டிய பிறகு ஒரு கணம் தயங்கி, கையைப் பின்வாங்கப் பார்த்தார். அவர் வாய் வைத்துக் குடித்த போத்தல் அது. சின்னம்மா அதை எட்டி வாங்கி, அண்ணாந்து ஊற்றாமல், அவரும் வாய் வைத்தே குடித்தார். குடித்துவிட்டு, "இன்னும் எவ்வளவு தூரமடி இருக்கு?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் கதைத்துக்கொண்டே வந்தார்கள். முன் ஆசனத்தில் இருந்த எனக்கு அரைகுறையாகக் கேட்டது. பக்கத்துப் பக்கத்தில் இத்தனை வருடம் இருந்தவர்கள் ஒருவரையொருவர் எத்தனை பிள்ளை, எந்தக் காய்ச்சலில் எது போனது, அக்கரையக்காவின் மகள் ஏன் பள்ளிக்கூடத்தை விட்டு ஆடைத் தொழிற்சாலைக்குப் போனாள் என்றெல்லாம் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டுக்கொண்டார்கள். பஸ் ஆசனம் அப்படியானது. எழுந்துபோக இடமில்லாதபடியால் மனிதர்கள் கதைத்துத்தான் ஆகவேண்டும்.

அன்று மாத்தளையில் ஒரு கோயில் மண்டபத்தில் தங்கினோம். காலையில் தண்ணீர்க் குழாய்க்கு வரிசை, கண்ணாடிக்கு வரிசை. சின்னம்மாவுக்குச் சேலை உடுத்திவிட ஏழெட்டுப் பேர் போட்டிபோட்டார்கள். ஒருத்தி மடிப்புப் பிடித்தாள், ஒருத்தி தன் காப்பைக் கழற்றிப் போட்டுவிட்டாள், இன்னொருத்தி கொண்டுவந்த ஊசியெல்லாம் அந்தச் சேலையிலேயே முடிந்தது. விதவைக்கு இவ்வளவு வேண்டாம் என்று அவர் ஒருதரம் முணுமுணுத்தார். "வாயை மூடிக்கொண்டு நில்லு, இண்டைக்கு நீ எங்கட ஆள்" என்று தலைவி சொன்னார்.

பல்கலைக்கழக வளவில் மரங்கள் அடர்ந்த நீண்ட வீதியில் பஸ் நின்றது. தங்கச்சி கறுப்பு அங்கியோடு வாசலடியில் காத்துநின்றாள். நாங்கள் வருவது அவளுக்குத் தெரியும். ஆனால் தாய் வழியிலேயே இறங்கித் திரும்பியிருக்கக்கூடும் என்று அவள் பயந்துகொண்டிருந்ததைப் பிறகு சொன்னாள். அவள் பார்த்தது, தாய் பஸ் படியில் யாருடைய கையையும் பிடிக்காமல் இறங்கி, பின்னால் ஒரு ஊரே இறங்கிவர, நேரே தன்னிடம் நடந்துவருவதைத்தான்.

"அம்மா, பயப்பிடாமல் வந்தனீங்களோ?"

"ஏன் பயம்? நான் என்ன தனியவே வந்தனான்?"

உள்ளே போக ஒரு பட்டதாரிக்கு இரண்டு பேர். தங்கச்சியின் கையில் இரண்டு அழைப்பு அட்டைகள் இருந்தன. ஒன்று தாய்க்கு, மற்றது எனக்கு. அதில் யாருக்கும் சந்தேகமிருக்கவில்லை. எனக்கும் இருக்கவில்லை. அவளைக் கொண்டுவந்து சேர்த்தவள் நான், என் கலியாணச் சேலையை உடுத்திக்கொண்டு வந்திருந்தேன். சின்னம்மா இரண்டு அட்டைகளையும் வாங்கினார். கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு திரும்பி, கூட்டத்தின் கடைசியில் பைகளைக் காவல் காத்துக்கொண்டு நின்ற அக்கரையக்காவைக் கூப்பிட்டு ஒன்றை அவர் கையில் வைத்தார்.

அக்கரையக்கா பதறிப்போனார். "ஐயையோ, நான் எதுக்கும்மா? எழுதப் படிக்கத் தெரியாதவ. ஒங்க அக்கா மகள கூட்டிட்டுப் போங்க."

"றோட்டு வேலைக்குப் போய்ப் பழகி உனக்குச் சிங்களம் விளங்கும். எனக்கு விளங்காது. உள்ளுக்க என்ன சொல்லினம் எண்டு ஆர் எனக்குச் சொல்லுறது? வா."

மறுத்துப்பேச இடமில்லாத காரணம் அது. அக்கரையக்கா சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு கூடவே போனார். போகுமுன் சின்னம்மா என் பக்கம் வந்து, என் தோளைப் பிடித்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "குறை நினையாதை பிள்ளை. என்ர பிள்ளை படிச்சது அந்த வயலால. அந்த வயலுக்க குனிஞ்சு நிண்டது ஆரெண்டு உனக்குத் தெரியும்." அந்தக் கணத்தில் எனக்கு ஏமாற்றம் இருந்திருக்க வேண்டும். இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகமில்லை. மண்டபத்துப் படிகளில் அவர்கள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்து ஏறியதுதான் ஞாபகத்தில் நிற்கிறது. இந்தப் பெண் என் அம்மாவின் தங்கை என்று அங்கே நின்ற எல்லோருக்கும் சொல்லவேண்டும் போலிருந்தது.

நாங்கள் மரநிழலில் பாய் விரித்தோம். எங்களைப்போலவே உள்ளே இடம் கிடைக்காத ஒரு சிங்களக் குடும்பம் பக்கத்தில் இருந்தது. கிராமத்து ஆட்கள், பாதம் வெடித்த வயல்காரர்கள். எங்களுடைய முறுக்கும் அவர்களுடைய கொக்கிஸ் பலகாரமும் இடம் மாறின. வார்த்தை இல்லாவிட்டாலும் அவர்களுடைய பிள்ளையும் எங்களுடைய பிள்ளையும் உள்ளே இருக்கிறார்கள் என்பது இரண்டு பக்கத்துக்கும் விளங்கியிருந்தது. உள்ளே பெயர் வாசிக்கும் சத்தம் ஒலிபெருக்கியில் வந்தது. தங்கச்சியின் பெயர் கேட்டதும் எங்கள் பாயிலிருந்து எழுந்த கைதட்டலுக்கு அந்தக் குடும்பமும் சேர்ந்து கைதட்டியது. கொஞ்ச நேரத்தில் அவர்களின் மகனின் பெயர் வந்தபோது நாங்கள் எழுந்து நின்றே தட்டினோம்.

வெளியே வந்ததும் படம். பணம் கட்டிப் பிடித்திருந்த படப்பிடிப்பாளர் சிங்களத்தில் ஏதோ சொல்ல, அக்கரையக்கா மொழிபெயர்த்தார்: "குடும்பத்து ஆளுங்க மட்டும் நிக்கணுமாம்." ஒருவரும் அசையவில்லை. தங்கச்சியின் இரண்டு பக்கமும் பின்னாலும் பெண்கள் நெருங்கினார்கள். பஸ் சாரதியும் வந்து ஓரத்தில் நின்றான். "நீயுமோ தம்பி?" என்று தலைவி கேட்டார். "நானில்லாமல் ஆர் கொண்டந்தது?" என்றான். படப்பிடிப்பாளர் ஒவ்வொரு அடியாகப் பின்னால் போனார். புல்வெளி முடிந்து, வீதியில் இறங்கி, வீதிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுதான் அவரால் எங்கள் எல்லோரையும் ஒரு சட்டத்துக்குள் கொண்டுவர முடிந்தது. படத்தில் எங்கள் முகங்கள் மிகச் சிறியவை. தங்கச்சியின் தலையில் இருக்கவேண்டிய தொப்பி சின்னம்மாவின் தலையில் இருக்கிறது. பக்கத்தில் அக்கரையக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்.

மூன்றாம் நாள் தங்கச்சியையும் ஏற்றிக்கொண்டு நுவரெலியா போனோம். தேயிலை தொடங்கியதும் அக்கரையக்கா பேச்சை நிறுத்திவிட்டார். சன்னலோரத்தைச் சின்னம்மா அவருக்கு மாற்றிக் கொடுத்தார். ஒரு வளைவில் அக்கரையக்கா எழுந்து, தயங்கித் தயங்கி, "அண்ணே, இங்க கொஞ்சம் நிப்பாட்டுவீங்களா?" என்றார். பஸ் நின்றது. அவர் பிறந்த தோட்டம் எது, எந்தப் பக்கம் என்று அவருக்கே தெரியாது. அதைத் தேடவும் இல்லை. ஒரு கொழுந்தைக் கிள்ளி உள்ளங்கையில் கசக்கி முகர்ந்தார். "எங்கம்மா கையில இந்த வாசந்தான் அடிக்கும்" என்றார். சின்னம்மா அந்தக் கையைத் தன் பக்கம் இழுத்துத் தானும் முகர்ந்து பார்த்தார். பனிக்குளிரில் நாங்கள் நடுங்கிக்கொண்டு நின்றோம். ஏறும்போது அக்கரையக்கா, "பாத்து வாங்க அக்கா, படி வழுக்குது" என்றார். அதுவரை அம்மா என்று கூப்பிட்டவர் அந்தப் படியில்தான் முதன்முதலாக அக்கா என்றார். சின்னம்மா திரும்பிப் பார்க்கவில்லை. "ஓம், நீயும் பாத்து வா" என்றார்.

ஊருக்குத் திரும்பிய பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் அது பொய். சில வீடுகளில் அந்தத் தனிக் குவளை இன்னும் இருக்கிறது. சின்னம்மா வீட்டில் இல்லை. வாய்க்காலுக்கு மேலே ஒரு பனங்குற்றியைப் போட்டு இரண்டு வீட்டுக்கும் குறுக்குவழி வைத்தார்கள். மழைக்காலத்தில் அது வழுக்கும், ஒருநாள் சின்னம்மா அதில் விழுந்து கையை முறித்துக்கொண்டார், அப்போதும் அதை எடுக்க விடவில்லை. சங்கம் வருடம் ஒருதரம் பயணம் போகிறது. திருகோணமலை, கதிர்காமம், போன வருடம் கப்பலேறி இந்தியா. எங்கள் பயணங்களில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. யார் சொன்னாலும் பஸ் நிற்கவேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது. இதனால் எந்த இடத்துக்கும் நாங்கள் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. சாரதிமார் தலையில் அடித்துக்கொள்வார்கள். பயணம் சரியில்லை என்று சொன்னவர் மட்டும் ஒருவருமில்லை.

தங்கச்சி இப்போது திருகோணமலையில் உத்தியோகம். அண்மையில் ஒரு சிறிய கார் வாங்கினாள். தாயை ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போய், நல்ல விடுதியில் தங்கவைத்து, அவசரமில்லாமல் எல்லாவற்றையும் காட்டவேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. சொல்லாமல் வந்து அசத்தவேண்டும் என்று நினைத்துவிட்டாள். போன கிழமை சனிக்கிழமை மத்தியானம் எனக்கு அழைப்பு வந்தது. "அக்கா, வீடு பூட்டிக்கிடக்கு. மாட்டை ஆரோ கறந்திருக்கினம். அம்மா எங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முழங்கால் வலியால் அந்தமுறை நான் போகவில்லை. சின்னம்மாவின் மாடுகளைக் கறந்தவளும் நான்தான். பக்கத்து ஊர்ச் சங்கத்தின் பஸ்ஸில் இரண்டு இடம் மிச்சம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, முதல்நாள் காலையிலேயே சின்னம்மாவும் அக்கரையக்காவும் போய்விட்டதைச் சொன்னேன். பிறகு அவள் என் வீட்டுக்கு வந்தாள். இருவரும் விறாந்தையில் இருந்து சின்னம்மாவுக்கு அழைப்பு எடுத்தோம். வெகுநேரம் அடித்த பிறகுதான் எடுத்தார். பின்னால் ஒரே பாட்டும் கைதட்டலும்.

"அம்மா, நான் கார் கொண்டந்து நிக்கிறன். நீங்களும் நானும் ஆறுதலாப் போவமெண்டு."

"காரிலயோ? ரெண்டு பேரும் தனியவோ?" சின்னம்மாவின் குரலில் உண்மையான கவலை தெரிந்தது. "அதில போய் ஆரோட பிள்ளை கதைக்கிறது?"

தங்கச்சி என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். "சரி அம்மா. இப்ப எங்க நிக்கிறியள்?"

அந்தப் பக்கம் யாரிடமோ கேட்கும் சத்தம், யாரோ ஏதோ சொல்லும் சத்தம், பிறகு ஒரு பெரிய சிரிப்பு. சின்னம்மா திரும்பத் தொலைபேசிக்கு வந்தார்.

"இடம் தெரியேல்லை பிள்ளை. எல்லாரும் நிக்கிறம்."

அவர் வைத்துவிட்டார். தங்கச்சி தொலைபேசியை மடியில் போட்டுவிட்டு, அடுத்த பயணம் எப்போது என்று என்னிடம் கேட்டாள்.